பதிலாளும் பதிலும்: தொலைக்காட்சித் தொடரில் தலைமைப் பாத்திரம் மாறும்போது



மொழி மன்றத்தின் மேடையில் தொலைக்காட்சித் தொடரைப் பொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். கதை சொல்லுதல் மொழியின் தலையாய பணிகளுள் ஒன்று. நம் மாணவர்கள் நாள்தோறும் மிகுதியாகக் கதை கேட்கும் இடம் இன்று திரையாக இருக்கிறது. அவர்களுள் சிலர் நாளை அத்திரைக்கே கதை எழுதவும் போகிறார்கள். ஆகவே, அங்கே கதை எவ்வாறு கட்டப்படுகிறது, எவ்விடத்தில் உடைகிறது, உடைந்தது எவ்வாறு ஒட்டப்படுகிறது என்பவற்றை ஆராய்வது மொழியாசிரியர்க்கும் உரிய பணியே.

அப்பரந்த பொருளில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகள் ஓடும் ஒரு தொடரில் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் நடுவழியில் விலகிவிடுகிறார். நோய் காரணமாகலாம், ஊதியப் பிணக்கு காரணமாகலாம், இறப்பும் காரணமாகலாம். தொடரோ நிற்க இயலாது. அவ்விடத்திற்கு இன்னொருவர் வந்தாக வேண்டும். அவ்வாறு வருபவரைச் சில தொடர்களில் மக்கள் மனமுவந்து ஏற்கிறார்கள். சில தொடர்களில் முற்றாக மறுக்கிறார்கள். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே என் வினா.

நாவலாசிரியருக்கு இத்தொல்லை இல்லை. அவர் படைத்த மாந்தர் நோயுறுவதும் சாவதும் அவர் எழுதினால்தான். மேடை நாடகத்திலும் இது பெருஞ்சிக்கலன்று. நேற்று ஒருவர் அரிச்சந்திரனாக நின்றார், இன்று வேறொருவர் நிற்கிறார் என்றால் அவையினர் இருவரையும் ஒப்பிட்டுச் சுவைப்பர். தொலைக்காட்சியின் இயல்பு வேறு. அதன் பாத்திரம் வாரந்தோறும் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து போகிறது. முகமும் பாத்திரமும் பிரிக்க இயலாதபடி ஒட்டிக்கொள்கின்றன. அம்முகம் மறைந்தால் வீட்டுக்கு வந்து போன ஒருவர் வராமற்போன உணர்வே எஞ்சுகிறது.

இங்கே நம் மொழியிலுள்ள ஒரு சொல் எனக்குத் துணை நிற்கிறது. அச்சொல் ‘பதில்’. அரபியில் தோன்றி உருதின் வழியே தமிழுக்கு வந்து, இன்று முழுதும் நம் சொல்லாகவே ஆகிவிட்டது அது. அதற்கு இரு பொருள் உண்டு. ஒன்றற்கு ஈடாக வைக்கப்படுவது என்பது ஒரு பொருள்; ‘அவருக்குப் பதில் இவர் வந்தார்’ என்கிறோம். வினாவுக்குத் தரும் விடை என்பது மற்றொரு பொருள்; ‘என் கேள்விக்குப் பதில் சொல்’ என்கிறோம். தலைமைப் பாத்திரத்தின் இடத்திற்கு வருபவர் முதற்பொருளில் மட்டும் பதிலாக இருந்தால் அவர் பதிலாள். முன்னவர் விட்டுச்சென்ற வெற்றிடம் எழுப்பும் கேள்விக்கு விடையாகவும் அமைந்தால் அவரே உண்மையான வழிவந்தவர். இவ்வேறுபாட்டைச் சில தொடர்களின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

1. முகம் மட்டும் மாறுதல்

தமிழ்த் தொடர்களைப் பார்ப்பவர் அனைவரும் அறிந்த ஓர் அறிவிப்பு உண்டு. காட்சி ஒரு கணம் நிற்கும். ‘இவருக்குப் பதில் இவர்’ என்னும் எழுத்துகள் திரையில் தோன்றும். அடுத்த நொடியில் புதிய முகம் பழைய பெயரோடு பேசத் தொடங்கும். ‘பாரதி கண்ணம்மா’ தொடரில் 2021ஆம் ஆண்டில் கண்ணம்மாவாக நடித்துவந்த ரோஷினி ஹரிப்ரியன் விலக, வினுஷா தேவி அப்பாத்திரத்தை ஏற்றது பலருக்கும் நினைவிருக்கும். தொடரின் முதன்மைப் பெண் பாத்திரமே முகம் மாறியது. கதை அதைப் பொருட்படுத்தாமல் நடந்தது.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது. நியாயமாக நோக்கினால், அது தொழில்முறை நெருக்கடியிலிருந்து பிறந்தது. வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு இளைப்பாற நேரமில்லை. இன்று எடுத்த காட்சி சில நாளில் திரைக்குச் சென்றாக வேண்டும். மேலைநாட்டு வாரத்தொடர்களுக்குப் பருவங்களுக்கிடையே பல மாத இடைவெளி கிடைக்கும். புதியவரை எப்படிக் கொண்டுவருவது என எழுத்தாளர் அமர்ந்து எண்ணலாம். நாள்தொடரின் எழுத்தாளருக்கு அவ்வசதி இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அவ்வறிவிப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. ‘நடிகர் மாறியிருக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அது பார்ப்பவரிடம் வெளிப்படையாகவே கேட்கிறது.

அந்த நேர்மைகூட இல்லாத தொடர்களும் உண்டு. அமெரிக்காவில் 1964 முதல் 1972 வரை ஓடிய ‘பிவிச்ட்’ என்னும் நகைச்சுவைத் தொடரில் மந்திரக்காரியின் கணவன் டாரினாக டிக் யார்க் நடித்தார். முன்பு ஒரு படப்பிடிப்பில் அவருக்கு முதுகில் ஏற்பட்ட காயம் நாளடைவில் முற்றியதால் 1969இல் விலகினார். அதே ஆண்டில் அடுத்த பருவம் தொடங்கியபோது டிக் சார்ஜென்ட் அதே டாரினாக வந்தார். மனைவி வியக்கவில்லை, அண்டை வீட்டார் வினவவில்லை, ஒரு சொல் விளக்கமும் இல்லை. தொடர் மேலும் மூன்று பருவங்கள் ஓடியது. ஆயினும், ‘எந்த டாரின்?’ என்னும் கேள்வி இன்றுவரை அத்தொடரை விட்டு நீங்கவில்லை. கதை கேட்க மறுத்த கேள்வியைப் பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இம்முறையில் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் உண்டு. கதையோட்டம் தடைப்படாதது ஆதாயம். ஒரு மனிதர் சென்றுவிட்டார் என்னும் உணர்ச்சி கதைக்குள் இடம்பெறாமலே போவது இழப்பு.

2. நகலின் தோல்வி

முகத்தோடு பெயரையும் மாற்றிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. 1979இல் தொடங்கிய ‘த டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ என்னும் அமெரிக்கத் தொடரின் நாயகர்கள் போ, லூக் என்னும் இரு இளைஞர்கள், உறவுமுறையில் சகோதரர்கள். ஒருவர் பொன்னிற முடியினர், மற்றவர் கருமுடியினர். ஆரஞ்சு நிறக் கார் ஒன்றில் சிற்றூர்க் காவலரை ஏய்த்துப் பறப்பதே அவர்களின் வேலை. தொடரின் பெயரால் விற்ற பொம்மைகள் முதலியவற்றின் வருவாயில் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று நடிகர்கள் ஜான் ஷ்னைடரும் டாம் வோபாட்டும் 1982இல் வெளியேறினர்.

தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வு எளியது. கோய், வான்ஸ் என்னும் வேறு இரு உறவினரைக் கொண்டுவந்தனர். அவர்களிலும் ஒருவர் பொன்னிற முடியினர், மற்றவர் கருமுடியினர். அதே கார், அதே துரத்தல், அதே குறும்பு. போவுக்கும் லூக்குக்கும் எழுதிய உரையாடலையே இவர்கள் பேசினார்கள். போவும் லூக்கும் கார்ப் பந்தயத்தில் ஓடப் போய்விட்டார்கள் என்று கதை ஒரு வாக்கியத்தில் காரணம் சொன்னது. பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்தது. அப்பருவம் முடியுமுன்னரே, 1983இன் தொடக்கத்தில், பழைய நாயகர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர்.

கோயாகவும் வான்ஸாகவும் நடித்த இளைஞர்கள்மீது பழி சுமத்துவது முறையாகாது. அவர்களுக்குத் தரப்பட்ட வேலையே இயலாத வேலை. ஒருவரைப் போலவே இரு என்று சொல்லப்பட்டவர், எவ்வளவு திறமையாகச் செய்தாலும், அவர் அல்லர் என்பதையே ஒவ்வொரு கணமும் நினைவூட்டுவார். நகல் நெருங்க நெருங்க மூலத்தின் இன்மை பெரிதாகிறது. பழையவரின் சட்டையைப் புதியவருக்கு அணிவித்தால், பார்ப்பவர் கண் சட்டை பொருந்தாத இடத்திற்கே செல்லும்.

3. பொருந்தாத மோதிரம்

சட்டை பொருந்தாது என்பதைக் கதையே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் என்ன? இதைச் செய்து காட்டியது பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’.

பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய இத்தொடரின் நாயகர் ‘டாக்டர்’ என்று மட்டும் அழைக்கப்படுபவர். காவல்துறையின் நீலநிறத் தொலைபேசிப் பெட்டி வடிவிலுள்ள கலத்தில் ஏறிக் காலத்தையும் விண்வெளியையும் கடப்பவர். முதலில் அவராக நடித்த வில்லியம் ஹார்ட்னல் நரைத்த நீள்முடியும் கண்டிப்பும் கொண்ட பாட்டனாரைப் போல் தோன்றினார். மூன்று ஆண்டில் அவருக்குத் தமனித் தடிப்பு நோய் முற்றியது. வசனங்களை நினைவில் வைத்துக்கொள்வது கடினமாயிற்று. தொடரோ சிறுவர்களின் பெருவிருப்பத்துக்கு உரியதாக இருந்தது. நிறுத்த மனமில்லை.

1966 அக்டோபர் 29ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியின் முடிவில் டாக்டர் தம் கலத்தின் தரையில் சாய்கிறார். ஒளி பெருகுகிறது. ஹார்ட்னலின் முகம் கரைந்து பேட்ரிக் டிரவுட்டனின் முகமாகிறது. அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 5ஆம் நாள், புதிய கதை தொடங்கியது. அக்கதையின் தொடக்கத்தைக் கதை எழுத விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் கூர்ந்து ஆராயவேண்டும்.

எழுந்து அமரும் புதியவர் பழைய டாக்டரின் மோதிரத்தை அணிந்து பார்க்கிறார். அது விரலில் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்க்கிறார், பழைய முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. டாக்டரைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்னாமல் வேறொருவரைச் சொல்வதுபோல் படர்க்கையில் பேசுகிறார். உடன் பயணம் செய்யும் இருவருள் பாலி என்னும் பெண் இவர் அவர்தாம் என்று நம்ப முனைகிறாள். பென் என்னும் மாலுமி நம்ப மறுக்கிறான். அவனுடைய ஐயம் பார்ப்பவருடைய ஐயமே. வீட்டில் அமர்ந்து ‘இவர் நம் டாக்டர் அல்லர்’ என்று முணுமுணுக்கும் சிறுவனுக்குக் கதைக்குள்ளேயே ஒரு குரல் கிடைத்துவிடுகிறது.

அவ்வையம் தீர்வதற்கும் அழகான வழி காணப்பட்டது. டாக்டரின் பழம்பகைவர்களான டாலெக் என்னும் இயந்திர உடலிகள் அக்கதையில் வருகின்றன. அவற்றுள் ஒன்று புதிய முகத்தைக் கண்டதும் இவர் யாரென அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பன் ஐயுற, பகைவன் சான்று பகர்கிறான். பகைமைக்குப் பொய்யான அன்பு காட்டும் தேவை இல்லை. ஆகவே அச்சான்று வலிமை பெறுகிறது.

டிரவுட்டன் ஹார்ட்னலைப் போல் நடிக்க முயலவே இல்லை என்பதும் குறிக்கத்தக்கது. கலைந்த தலைமுடி, தொளதொளத்த கால்சட்டை, கையில் ஒரு சிறு குழல் என நாடோடிக் கோமாளியின் தோற்றத்தோடு வந்தார். முன்னவர் அதட்டி அடக்கிய இடத்தில் இவர் அசடனைப் போல் நடித்துப் பகைவரை ஏமாற்றினார். வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் ஒப்பீடு தளர்ந்தது; ஆர்வம் வளர்ந்தது. மாறாமல் நின்றவை சில: அந்த நீலப்பெட்டி, அறியும் வேட்கை, எளியோர் பக்கம் நிற்கும் நெஞ்சம். 1969 வரை அவர் நடித்தார். அடுத்தவர் வந்தார், அவருக்கடுத்தவரும் வந்தார். 1989இல் தொடர் நின்றபோது எழுவர் டாக்டராகியிருந்தனர். 2005இல் மீண்டும் தொடங்கி, 2017இன் இறுதியில் முதன்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், அவ்விடத்திற்கு வந்தார்.

ஒரு நோயாளியின் உடல்நிலையால் எழுந்த இக்கட்டு, அத்தொடரின் அடிப்படை விதியாகவே வளர்ந்தது. அம்மாற்றத்திற்கு இன்று வழங்கும் ‘மறுபிறப்பாக்கம்’ என்னும் பொருள்படும் பெயர்கூட 1974இல்தான் தொடருக்குள் வந்தது. முதலில் தேவை வந்தது. பிறகு கதை வந்தது. பெயர் கடைசியில் வந்தது.

4. சொல்லப்படாத விடை

டாக்டர் ஹூவில் அறிபுனைவின் மாயம் துணைநின்றது. மாயத்துக்கு இடமில்லாத கதையில் இது எப்படி முடியும்? அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒளிவழியில் 1972 முதல் 1983 வரை ஓடிய ‘மேஷ்’ இதற்கு நிறைவான விடை தருகிறது.

கொரியப் போர்முனைக்கருகில் கூடாரங்களில் இயங்கும் இராணுவ அறுவை மருத்துவமனையே அத்தொடரின் களம். கொரியப் போர் நடந்தது மூன்றாண்டு. தொடர் ஓடியது பதினொரு பருவம். நடுவில் ஹாக்ஐ பியர்ஸ் என்னும் அறுவை மருத்துவர். அவராக நடித்தவர் ஆலன் ஆல்டா. தொடக்கத்தில் ஹாக்ஐக்கு இணையான நாயகராக டிராப்பர் ஜான் என்னும் நண்பர் இருந்தார். இருவருக்கும் மேலதிகாரி ஹென்றி பிளேக். இவ்விரு பாத்திரங்களும் 1975இல் ஒருசேர விலக நேர்ந்தது.

பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சனுக்குக் கதை தந்த விடை வலிமிக்கது. 1975 மார்ச் 18ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில் பிளேக் பணிமுடிந்து வீடு திரும்புகிறார். விடைபெறும் காட்சி மகிழ்ச்சியும் கண்ணீருமாக நடந்து முடிகிறது. பின்னர் அறுவைக் கூடத்திற்குள் ராடார் என்னும் இளம் எழுத்தர் முகக்கவசமின்றி நுழைந்து, பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டுவீழ்த்தப்பட்டதென்றும் ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் அறிவிக்கிறான். மருத்துவர்களின் கைகள் நிற்கவில்லை. மேசையில் கிடப்பவனுக்கு அறுவை நடக்கிறது. அக்காட்சியின் கடைசித் தாள் நடிகர் பெரும்பாலோர்க்குப் படமெடுக்கும் நேரத்தில்தான் தரப்பட்டது. ஒளிபரப்பானதும் பார்த்தவர்களிடமிருந்து வருத்தமும் சினமுமாகக் கடிதங்கள் குவிந்தன. நகைச்சுவைத் தொடரில் நாயகர் சாகலாமா என்பது அவர்கள் கேள்வி. போரில் அப்படித்தான் சாகிறார்கள் என்பது தொடரின் விடை.

டிராப்பர் ஜானாக நடித்த வெய்ன் ராஜர்ஸ் பருவ இடைவேளையில் விலகினார். விடைபெறும் காட்சி எடுக்க வாய்ப்பே இல்லை. எழுத்தாளர்கள் அக்குறையையே கதையாக்கினர். அடுத்த பருவத்தின் முதற்பகுதியில் ஹாக்ஐ டோக்கியோவில் விடுப்பைக் கழித்துத் திரும்புகிறார். டிராப்பர் போய்விட்டார், கடிதம் இல்லை. ராடாரின் வழியாக அனுப்பிய ஒரு முத்தம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஹாக்ஐ வாகனத்தில் விமான நிலையத்திற்கு விரைகிறார். சில நிமிடத்தில் விமானம் தவறிவிடுகிறது. அதே நிலையத்தில், அந்த ஏமாற்றம் ஆறாத நிலையில், புதிதாக வந்திறங்கும் மருத்துவர் பி.ஜே. ஹனிகட்டைச் சந்திக்கிறார். பழையவரை வழியனுப்பப் போனவர் புதியவரை அழைத்துவருகிறார். பி.ஜே.யைக் கதை ஒருபோதும் டிராப்பரின் இடத்தில் திணிக்கவில்லை. அவ்விடம் வெறுமையாய் இருக்கிறது என்பதை முதலில் காட்டிவிட்டு, அதன் ஓரத்தில் அவரை நிறுத்தியது.

பாத்திரங்களின் இயல்பை ஒப்பிட்டால் எழுத்தாளரின் திட்டம் புலப்படும். டிராப்பர் மணமானவர், ஆயினும் போர்முனையில் பெண்களோடு விளையாட்டாகத் திரிந்தவர். பி.ஜே. மனைவியையும் கைக்குழந்தையையும் நினைத்து ஏங்குபவர். ஹாக்ஐயின் குறும்பில் அவரும் பங்கு கொள்வார். ஆனால் வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் அவரை மாற்றும். பிளேக் உறுதியற்ற குடிமக்கள் மருத்துவர். அவரிடத்திற்கு வந்த ஷெர்மன் பாட்டர் முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றிய முதிய இராணுவத்தார். 1977இல் ஃபிராங்க் பர்ன்ஸ் என்னும் திறமையற்ற மருத்துவர் விலகியபோது, சார்ல்ஸ் எமர்சன் வின்செஸ்டர் என்னும் பாஸ்டன் நகரச் செல்வர் வந்தார். அவர் செருக்கு மிக்கவர், செவ்வியல் இசையில் ஆழ்ந்தவர், அறுவையில் வல்லவர்.

இந்த மூன்றாம் மாற்றத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பர்ன்ஸை எள்ளுவது ஹாக்ஐக்கு எளிது; அறிவிலியை வெல்லப் பெருந்திறன் வேண்டா. வின்செஸ்டரோ கத்தியைப் பிடிப்பதிலும் சொல்லைத் தொடுப்பதிலும் சமமானவர். அவரை எதிர்கொள்ள ஹாக்ஐயும் பி.ஜே.யும் தங்கள் நகைச்சுவையைத் தீட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. புதியவரின் வருகையால் பழையவர்களும் மாறினார்கள். நல்ல வழிவந்தவரை அறியும் உறுதியான அடையாளம் இதுவே: அவர் வந்தபின் அருகிலிருப்பவர்கள் முன்போல் இருக்க இயலாது.

டிராப்பர் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை கிடைக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 1983 பிப்ரவரி 28ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிப் பகுதியை அமெரிக்காவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதில் போர் முடிந்து எல்லாரும் பிரிகிறார்கள். விடைபெறும் சொல்லை வாயால் சொல்ல பி.ஜே.யால் இயலவில்லை. ஹாக்ஐ ஏறிய ஹெலிகாப்டர் மேலெழுகிறது. கீழே, தரையில், கற்களை அடுக்கி பி.ஜே. எழுதிவைத்த ‘விடைபெறுகிறேன்’ என்னும் ஒற்றைச் சொல் தெரிகிறது. ஒருவர் சொல்லாமல் போன சொல்லை, அவருக்குப் பதிலாக வந்தவர் கல்லால் எழுதினார். பதில் என்னும் சொல்லின் இரு பொருளும் அக்காட்சியில் ஒன்றாகின்றன.

5. இருக்கையின் உயரம்

இன்னொரு வழியும் உண்டு. வருபவரை மட்டும் மாற்றாமல், அவர் அமரும் இருக்கையையே மாற்றிவிடுவது. ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் களம் பாஸ்டன் நகர மதுக்கூடம் ஒன்று. அதன் உரிமையாளர் சாம். அங்கே பணிப்பெண்ணாகச் சேர்ந்த படித்த பெண் டயேன். இருவரின் ஊடலே ஐந்து பருவங்களைத் தாங்கியது. 1987இல் டயேனாக நடித்த ஷெல்லி லாங் விலகினார். அவரிடத்திற்கு ரெபெக்காவாக வந்தவர் கிர்ஸ்டி ஆலி. கதை என்ன செய்தது? சாம் மதுக்கூடத்தை ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். விற்ற பணத்தில் வாங்கிய படகும் மூழ்கிப்போயிற்று. வேலை கேட்டுத் தம் பழைய மதுக்கூடத்திற்கே வருகிறார். அங்கே மேலாளர் ரெபெக்கா. முன்பு நாயகி நாயகனின் பணியாள். இப்போது நாயகன் நாயகியின் பணியாள். உறவின் திசை புரண்டதால் புதியவரைப் பழையவரோடு ஒப்பிடும் அளவுகோலே பயனற்றுப்போயிற்று. தொடர் மேலும் ஆறு பருவங்கள் நடந்தது.

6. தொடரின் பெயரும் ஆகுபெயரும்

மொழி மன்றத்தில் பேசுவதால் இலக்கணத்தையும் சிறிது தொட்டுச் செல்ல விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைக் களமாகக் கொண்டு 1983இல் தொடங்கிய துப்பறியும் தொடர் ‘டாகர்ட்’. அது நாயகரான காவல் அதிகாரியின் பெயர். அவராக நடித்த மார்க் மக்மேனஸ் 1994இல் காலமானார். தொடர் நிற்கவில்லை, பெயரும் மாறவில்லை. டாகர்ட் என்று ஒருவர் இல்லாமலே ‘டாகர்ட்’ 2010 வரை, மேலும் பதினாறு ஆண்டுகள், ஓடியது.

இது எவ்வாறு பொருந்தும்? நம் இலக்கணம் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தனர் என்பது பொருள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றற்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். அதற்கு இரண்டு நிபந்தனை: தொடர்பு இருக்கவேண்டும், வழக்கில் நிலைபெற்றிருக்கவேண்டும். டாகர்ட் என்னும் பெயர் ஒரு மனிதரிலிருந்து அவருடைய குழுவுக்கும், குழுவிலிருந்து அந்நகரின் குற்றக்கதைக்கும் ஆகிவந்தது. அவருக்குப்பின் முன்னணிக்கு வந்த ஜார்டின், டாகர்ட்டின் கீழ்ப் பல ஆண்டு பணியாற்றியதை மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். தொடர்பும் வழக்கும் இரண்டும் இருந்தன. கோய், வான்ஸ் இருவரும் டியூக் என்னும் அதே குடும்பப் பெயரைத் தாங்கி வந்தவர்களே. எனினும் அவ்வுறவு வாயால் சொல்லப்பட்டதே தவிர, பார்ப்பவர் நினைவில் அதற்கு ஒரு காட்சிகூட இல்லை. பெயர் வந்தது, ஆகிவரவில்லை.

7. வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

இதுவரை கண்டவற்றை ஆசிரியர்கள் கதையாக்கப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் நன்கறிந்த கதையொன்றில் தலைமைப் பாத்திரம் ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கொள்க. அவ்விடத்திற்கு ஒருவர் வரும் முதற்காட்சியை எழுதச் சொல்லுங்கள். நான்கு நிபந்தனைகளை விதியுங்கள்.

முதலாவது, போனவரின் சிறப்பு எதுவோ அது வந்தவரிடம் இருக்கக்கூடாது. வேறொரு சிறப்பு இருக்கவேண்டும். இரண்டாவது, வந்தவரை ஏற்க மறுக்கும் ஒருவர் காட்சியில் இருக்கவேண்டும். அவருடைய மறுப்பு நியாயமாகவும் இருக்கவேண்டும். மூன்றாவது, போனவரின் பொருளொன்று, பொருந்தாத அந்த மோதிரத்தைப் போல், கண்முன் கிடக்கவேண்டும். நான்காவது, வந்தவரால் பழைய பாத்திரங்களுள் ஒருவரேனும் சிறிது மாறவேண்டும். இந்நான்கையும் இரண்டு பக்கத்தில் செய்து முடிக்கும் மாணவர் பாத்திரப் படைப்பின் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டவர் ஆவார். அவர்களுள் எவரேனும் பின்னாளில் நம் தமிழ் ஒளிவழிகளுக்கு எழுதச் சென்று, நடிகர் விலகும் இக்கட்டில் நின்றால், திரையில் ஓர் அறிவிப்பை இட்டுக் கடந்துவிடாமல் ஒரு காட்சியை எழுதத் துணிவர். நாள்தொடரின் நெருக்கடியிலும் ஒரு காட்சிக்கு நேரம் கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

ஆசிரியர்களிடம் இன்னொன்றும் சொல்ல விழைகிறேன். ஆண்டின் நடுவே ஒரு வகுப்பை ஏற்க நேர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். முன்னவர் மகப்பேற்று விடுப்பில் சென்றிருக்கலாம், வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். நீங்கள் கதவைத் திறந்ததும் முப்பது முகங்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. ‘எங்கள் ஆசிரியர் இப்படிச் செய்யமாட்டார்’ என்று ஒரு மாணவன் சொல்லியும் விடுகிறான். அவனே உங்கள் வகுப்பின் பென். அவனை அடக்குவதால் ஒன்றும் ஆகாது. அவன் சொன்னது உண்மை. முன்னவரின் பெயரை வகுப்பில் தயங்காமல் சொல்லுங்கள். அவர் கற்பித்த பாட்டை ஒருமுறை அவர்களையே பாடச் சொல்லுங்கள். அதன்பின் உங்கள் வழியில் கற்பியுங்கள். அவரைப் போலக் கற்பிக்க முயன்றால் நீங்கள் பதிலாள். அவர் தொடங்கிவைத்த வேலைக்கு அடுத்த வரியை எழுதினால் நீங்கள் அவருக்குப் பதில்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில் தமிழ் எழுதியவர்களும் நடித்தவர்களும் கற்பித்தவர்களும் ஒவ்வொருவராக இடம்விட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் போல் எழுதவில்லையே, அவர்களைப் போல் பேசவில்லையே என்று உங்களிடம் முதியோர் குறைகூறுவதுண்டு. அக்குறையில் அன்பு இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், அவர்களின் நகலாக இருக்கவேண்டும் என்னும் கடமை உங்களுக்கு இல்லை. எதற்காக அவர்கள் எழுதினார்கள், எந்தக் கேள்வி அவர்களை உறங்கவிடாமல் வைத்தது என்று தேடிப் படியுங்கள். அக்கேள்விக்கு உங்கள் தமிழில் விடை சொல்லுங்கள். மோதிரம் பொருந்தாவிட்டால் கழற்றி வைத்துவிடலாம்; பயணம் நிற்கவேண்டியதில்லை.